அருள்ஜோசப் காலி செய்யாத வீடு

என் அப்பா அருள்ஜோசப் எந்த வாடகை வீட்டிலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருந்ததில்லை. நான் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஓசூரில் எத்தனை வீடு மாறினோம் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை. காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரு வீட்டில் மின் மீட்டர் வேகமாக ஓடுவதாக அவருக்குப் பட்டது. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரின் மாட்டுக் கொட்டகை விளக்கு எங்கள் மீட்டரில் இருந்தது. அந்த மாதமே கிளம்பினோம். இன்னொரு வீட்டின் உரிமையாளர் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினார். "இவ்ளோ மரியாத எதுக்கு? எதையோ மறைக்கறான்" என்றார் அப்பா. நாங்கள் காலி செய்த பிறகு அந்த வீட்டுக் கதவில் வங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த வீட்டில், தொட்டித் தண்ணீரில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றார். யாரும் கலக்கவில்லை. அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரே அப்படித்தான். அதையும் காலி செய்தோம்.

அதனால் எந்த ஒப்பந்தமானாலும் ஒரு வரியை அவர் கேட்டு எழுத வைப்பார். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற வரி. ஒரு வீட்டுக்காரர் சிரித்தார்.

"குடி வர்றதுக்கு முன்னாடியே போறதப் பத்திப் பேசறீங்களே சார்?"

"பஸ்ல ஏறும்போதே எறங்கற படி எங்கன்னு பாக்கறவன் நான்" என்றார் அப்பா.

அவர் பிறந்தது கெலமங்கலத்தில். ஓசூருக்கு லோடுமேனாக வந்தார். முதுகு போனதும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஒரு எடை மேடையில் உட்கார வைத்தார்கள். லாரியைக் காலியாக ஒரு முறை, பாரத்தோடு ஒரு முறை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலை. கிரானைட் கல் வரும், தக்காளி வரும், மாங்கூழ் டிரம் வரும். எதுவானாலும் டிரைவரும் கிளீனரும் இறங்கியாக வேண்டும். தண்ணீர் கேனைத் திறந்து பார்ப்பார். ஸ்டெப்னி டயரைத் தட்டிப் பார்ப்பார்.

"ஜோசப்பண்ணே, என் பல்லையும் எண்ணிப் பாப்பீங்களா?" என்று ஒரு டிரைவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

"வாயத் தொற. தங்கப் பல்லு கட்டியிருந்தா எடை ஏறும்ல?"

நேரம் கழித்து வருகிறவர்கள் சானமாவுக் காட்டு ரோட்டில் யானை நின்றது என்பார்கள். "அந்த யானைக்கு உன் வண்டி மட்டுந்தான் தெரியுமா?" என்பார் அப்பா. யானை உண்மையாகவே நின்ற நாட்களிலும் அதைத்தான் கேட்டார்.

அந்த எடை மேடையைச் சோதிக்க வருடம் தவறாமல் எடைக் கற்களோடு ஆட்கள் வருவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நான் அளவுக் கருவிப் படிப்புக்குப் போனேன். சிப்காட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்போம். அளக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

இப்போது இருக்கும் வீட்டுக்கு முந்தைய வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்துப் போர்ஷனில் இருந்தவர் திடீரென்று இறந்துபோனார். தாலுகா ஆபீஸ் பக்கம் பூக்கடை வைத்திருந்தவர். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் அவர் மனைவி முனிலட்சுமியிடம் சாவியைக் கேட்டார். ஆம்பிளை இல்லாத குடித்தனத்துக்கு மறுபடி எழுத முடியாது என்றார். பீரோவை ஆட்டோவில் ஏற்ற அப்பாதான் கை கொடுத்தார். திரும்பி வந்து அன்று முழுக்க யாரையும் சந்தேகப்படவில்லை. அதன் பிறகு கொஞ்ச நாளில், எந்தச் சண்டையும் இல்லாமல், இந்த வீட்டைப் பார்த்து முடித்துவிட்டு வந்தார்.

இந்த வீட்டின் உரிமையாளர் நஞ்சம்மா. மாடியில் தனியாக இருக்கிறார். வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசுவார். மகன் பிரகாஷ் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் சந்தாபுராவில் மனைவியோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவான்.

குடி வரும் முன் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். ஷாக் அடிக்காமலிருக்கப் புதிதாக எர்த் குழி வெட்டி, மோட்டார் பெட்டியிலிருந்து குளியலறை வரை எல்லாவற்றுக்கும் எர்த் கம்பி இழுக்க வேண்டும். நஞ்சம்மா முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார் என்று அம்மா சொன்னாள். செய்தாரா, செய்ததாகச் சொன்னாரா என்பது பிறகு எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அப்பா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அம்மா பவுலினா கோயிலில் உபவாச ஜெபத்தில் இருந்தாள். நான் வேலையில் இருந்தேன். நஞ்சம்மாதான் போன் செய்தார். "அப்பாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாங்க பாப்பா, நேரா அங்க வந்துடு." நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார். அப்பாவின் சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அம்மா அழுதாள். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் நஞ்சம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "வீட்ல இருந்து போகும்போது நல்லாப் பேசிட்டுத்தான் போனாரு. ஆஸ்பத்திரியிலதான் உசுரு போச்சு." யாரும் கேட்காதபோதும் சொன்னார். பாதிரியாரிடம் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். மகன் பிரகாஷிடம் என் கண்ணெதிரே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரே பொருளை இரண்டு கருவியில் அளந்து இரண்டு அளவு வந்தால், அதில் ஒன்று பழுது. டாக்டருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஹாலின் ஜன்னலுக்கு வெளியே ஒரு புது ஒயரைப் பார்த்தேன். நஞ்சம்மாவின் மாடி மீட்டரிலிருந்து இறங்கி, சன்ஷேடைச் சுற்றி, எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டிய ஹோல்டரில் முடிந்தது. அதில் ஒரு பல்பு. எரிந்துகொண்டிருந்தது. பகலில்.

"இது எதுக்கு ஆன்ட்டி?"

"திருட்டு பயம் பாப்பா."

"பகல்லயா?"

"பகல்லதான் இப்பெல்லாம் திருடறான்."

அந்த பல்பு அணையவே இல்லை. வாரம் போனது. அது எரிந்தபடியே இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு திருட்டும் இல்லை. தன் வாசலுக்கு அவர் விளக்குப் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஜன்னலுக்கு, தன் மீட்டரிலிருந்து போட்டிருந்தார். அப்பா இருந்திருந்தால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

தினமும் காலையில் மோட்டாரைப் போட்டு அணைப்பது அப்பாவின் வேலை. முற்றத்துச் சுவரில் இரும்புப் பெட்டி. நனைந்த சட்டை, இரும்புப் பெட்டி, இடம் மாற்றிச் சொன்ன சாவு, சாவு முடிந்ததும் இழுத்த புது ஒயர். இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அப்பாவை இந்த வீட்டு மின்சாரம் கொன்றிருந்தால், நஞ்சம்மா நடந்துகொண்டபடியேதான் ஒரு வீட்டுக்காரர் நடந்துகொள்வார்.

அம்மாவுக்கு வேறு கவலை. "மோட்டர் சத்தம் கேட்டா அவரு வெளிய நிக்கற மாதிரியே இருக்குடி. வழியில, ஆம்புலன்சுல, யாரும் இல்லாம போயிட்டாரு. இந்த வீட்ல என்னால முடியல. கெலமங்கலத்துக்கே போயிடலாம்." அவள் தம்பி வீட்டில் ஒரு பகுதி காலியாக இருந்தது.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். நஞ்சம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"ஆவாது பாப்பா. ரெண்டு வருசம் எழுதியிருக்கு. நடுவுல காலி பண்ணக் கூடாதுன்னு உங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அப்பாவா? அப்பா அப்படிப் போடவே மாட்டாரு."

அவர் உள்ளே போய் எடுத்து வந்தார். பதிவு செய்த ஒப்பந்தம். அப்பாவின் கையெழுத்துதான். இறங்கும் படியைப் பார்க்காமல் அவர் ஏறியிருந்தார்.

"அட்வான்ச நீங்களே வெச்சுக்குங்க. நாங்க போறோம்."

"எனக்கு எதுக்கு அது? வாடகை குடுக்க முடியலன்னா குடுக்காதீங்க. ஆறு மாசம் குடுக்க வேணாம். ஆனா போகாதீங்க. அம்மாகிட்டயும் சொல்லு."

வாடகை வேண்டாம், போகாதே என்று சொல்கிற வீட்டுக்காரரை நான் கேள்விப்பட்டதில்லை. படியிறங்கினேன். நாங்கள் இந்த வீட்டில் இருப்பது இவருக்கு எதற்குத் தேவை? போய்விட்டால் எதை யார் பார்த்துவிடுவார்கள்?

கோர்ட் எதிரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே வக்கீல் முனிவேலின் அறை. அப்பாவின் எடை மேடைச் சண்டை ஒன்றில் ஆஜரானவர். நஞ்சம்மாவிடம் வாங்கி வந்த ஒப்பந்த நகலைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ரெஜிஸ்டரே பண்ணியிருக்காரே மனுசன். இந்த ஊர்ல யாரும்மா குடித்தனத்துக்கு இதெல்லாம் பண்றாங்க? வெள்ளப் பேப்பர்ல எழுதி கூழ்பானைக்குக் கீழ வெச்சுடுவாங்க."

"கையெழுத்துப் போட்டவரே இல்ல சார். அப்புறமும் இது செல்லுமா?"

"செல்லும். மீதிக் காலம் குடும்பத்துக்கு வரும். உரிமையும் வரும், கட்டுப்பாடும் வரும். ஆனா ஒண்ணு, உங்களக் கட்டிப்போட்டு யாரும் குடி வெக்க முடியாது. நீங்க போயிட்டா அந்தம்மா நஷ்டம் கேட்டு வழக்குப் போடலாம். அவ்ளோதான்."

"அவங்களுக்குப் பணம் வேணாமாம் சார். நாங்க இருக்கணுமாம்."

முனிவேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது புதுசா இருக்கே. என் வீட்டுக்காரர் நம்பர் தரேன், அந்தம்மாவக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டார். "சுத்தமா வெளிய வர வழி ரெண்டு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு முடிச்சுக்கறது ஒண்ணு. இன்னொண்ணு, வீட்ல குடியிருக்கவே முடியாத பழுது இருக்கணும். சரி பண்ணச் சொல்லி எழுத்துல கேக்கணும். மாட்டேன்னு சொல்லணும். அப்புறம் பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிடலாம். யாரும் கேக்க முடியாது. ஆனா பழுது நெஜமா இருக்கணும்மா."

"இருக்கும்" என்றேன்.

ஒப்பந்தத்தைத் திருப்பித் தரும்போது அவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இது வீட்டுக்காரங்க போட்ட ஷரத்து மாதிரி தெரியலியே. நீங்க நடுவுல போகக் கூடாது, சரி. அவங்களும் உங்கள அனுப்பக் கூடாதுன்னு போட்டிருக்கு. எந்தக் காரணத்துக்கும்."

எல்லா ஒப்பந்தத்திலும் ஒப்புக்கு இப்படி ஒரு வரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். எனக்கு வேண்டியது பழுது. அது வீட்டை விட்டுப் போவதற்கான காரணம் மட்டுமல்ல. அப்பா எப்படிச் செத்தார் என்பதற்கான பதிலும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குப் போனாள். நஞ்சம்மா உழவர் சந்தைக்குப் போனார். வேலையிடத்தில் கேட்டு வாங்கி வந்திருந்த, மின்கசிவு பார்க்கும் மெக்கரையும் எர்த் டெஸ்டரையும் எடுத்தேன். மெயினை அணைத்தேன். மோட்டார் பெட்டியைத் திறந்தேன்.

ஒயர்களில் கசிவு இல்லை. மோட்டார் சுருளில் கசிவு இல்லை. எர்த் குழியை அளந்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்துக் குழியை விட நன்றாக இருந்தது. நம்பாமல், டெஸ்டரின் கம்பியை இடம் மாற்றி நட்டு மறுபடி அளந்தேன். அதே அளவு. குளியலறைக்குப் போனேன். ஹீட்டர், குழாய், ஸ்விட்ச் போர்டு. எல்லாம் சரி. அப்பா கேட்டதை நஞ்சம்மா கேட்டபடியே செய்திருந்தார்.

இந்த வீட்டு மின்சாரம் அப்பாவைக் கொல்லவில்லை. கருவிகள் சரியாக இருக்கின்றன என்று சான்று கொடுத்தது நானே. முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். நிம்மதி வரவில்லை. கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று.

ஆனால் ஒயர் ஒன்று மிச்சம் இருந்தது. நாற்காலி போட்டு ஏறி பல்பைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மாடிப்படியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து, சன்ஷேடுக்குக் கீழே இருந்த ஜாயின்ட்டைப் பார்த்தேன். இரண்டு ஒயரை வெறும் கையால் முறுக்கி, மேலே பால் பாக்கெட் கவரைச் சுற்றியிருந்தது. கவர் கிழிந்து செம்பு தெரிந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி இரும்பு ஜன்னல் கம்பி. ஒரு மழை போதும்.

எனக்குப் பழுது கிடைத்துவிட்டது. போனில் படம் எடுத்தேன்.

கேட் திறந்தது. நஞ்சம்மா கீரைப் பையோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பல்பு இல்லாத ஹோல்டரைப் பார்த்தார். பை கீழே விழுந்தது.

"வத்து! வேணாம் பாப்பா! ஏன் அணைச்ச? எவ்ளோ நேரமாச்சு அணைச்சு?"

"எறங்கி வந்து சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க. இது எதுக்கு எரியுது?"

"போடு முன்னாடி. கும்பிட்டுக் கேக்கறேன், போடு."

"அப்பா எங்க செத்தாரு?"

அவர் முகம் மாறியது. நான் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. "டாக்டர் வேற சொல்றாரு, நீங்க வேற சொல்றீங்க. மோட்டர்ல ஷாக் அடிச்சுதா? அதனாலதான் மறைக்கறீங்களா?"

"அய்யோ, ஷாக்கா? எந்தப் பாவி சொன்னது? உங்கப்பா கேட்டாருன்னு அந்தக் குழிய வெட்ட வெச்சவ நான்." மூச்சு வாங்கினார். தெருப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளதான் போச்சு. இந்த ஹால்லதான்."

கேட்டருகே அம்மா நின்றிருந்தாள். பூசை முடிந்து வந்தவள். தலையில் முக்காடு இன்னும் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

நஞ்சம்மா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார். அன்று காலை அப்பா மோட்டாரைப் போட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். இவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார். ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் சாய்ந்திருந்தார். இவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இறங்கவில்லை. சட்டையெல்லாம் ஊற்றிவிட்டது.

"ஏதாவது சொன்னாரா?" என்றாள் அம்மா.

"மோட்டர் ஓடுது, நிறுத்துங்கன்னாரு. அதான். அவ்ளோதான். என் மடியிலயே அடங்கிப்போச்சு." சேலையில் முகத்தைத் துடைத்தார். "அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கி சதயம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. சில நட்சத்திர நாட்களில் வீட்டுக்குள் சாவு விழுந்தால் அந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைப்பார்கள். அடைப்பு என்பார்கள். வேலையிடத்தில் ஒருவர் அதற்காக வீடு மாறியிருக்கிறார்.

"சதயத்துக்கு ஆறு மாசம்" என்றார் நஞ்சம்மா. "பூட்டணும். ஆளு இருக்கக் கூடாது. எம் மருமக மாசமா இருக்கா. பிரகாசுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உங்க சாமானத் தூக்கித் தெருவுல வெச்சுப் பூட்டியிருப்பான். அதான் ஆம்புலன்சுக்காரங்ககிட்ட மூச்சு இருக்கு, தூக்குங்கன்னு கத்தினேன். ஆஸ்பத்திரியிலதான்னு ஊரெல்லாம் சொன்னேன்."

"நாங்க கிறிஸ்டியன் ஆன்ட்டி. எங்களுக்கு அதெல்லாம் இல்ல."

"நட்சத்திரத்துக்கு உங்க சாமி, எங்க சாமின்னு தெரியுமா? வெளக்கு ஏத்தணும். உங்க வீட்டுக்குள்ள வந்து நான் எப்படி ஏத்தறது? அதான் பல்பு. அணையக் கூடாது. எண்ணெய் ஊத்தினா என்ன, கரண்டு ஊத்தினா என்ன, வெளிச்சந்தானே?"

"அப்ப நாங்க போறோம்னு சொன்னதும் விட்டிருக்கலாமே. பூட்டிக்கிட்டிருப்பீங்களே."

"எதுக்குத் திடீர்னு போறாங்க, எதுக்கு நான் வாடகைக்கு விடலன்னு தெருவே கேக்கும். பொய் வெளிய வந்துடும்" என்றார். பிறகு சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அது மட்டுமில்ல. உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்ன வாக்கு?"

"நான் பதினோரு மாசந்தான் போடலாம்னேன். அவருதான் ரெண்டு வருசம் கேட்டாரு. நான் நடுவுல போக மாட்டேன், நீங்களும் அனுப்பக் கூடாது, நான் இருந்தாலும் இல்லாட்டியும் அனுப்பக் கூடாதுன்னாரு. என்ன சார், இன்னிக்கே போற மாதிரி பேசறீங்கன்னு சிரிச்சேன். ரெஜிஸ்டர் பண்ணணும்னாரு. என்னைய நம்பலியான்னு கேட்டேன். உங்கள நம்பறேன், உங்களுக்கு அப்புறம் வர்றவங்கள நம்பலன்னாரு."

அது அப்பாவின் வாக்கியம்தான். அதை யாரும் கட்டிச் சொல்ல முடியாது.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "கொஞ்ச நாளாவே நெஞ்சத் தேச்சுக்குவாரு. வாயு வாயும்பாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, மெஷினு வாங்கின கடன என் நெஞ்சுல கழிப்பான்னு சொல்லுவாரு." ஆட்டோவில் ஏறிய முனிலட்சுமியின் பீரோ எனக்கு நினைவுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் அப்பா போட்ட பூட்டு எங்களுக்குப் போட்டதல்ல. வெளியே இருப்பவர்களுக்குப் போட்டது. அதை எங்களிடம் சொல்லும் அளவுக்குக்கூட அவர் எங்களை நம்பவில்லை.

ஆனாலும் நான் போனை எடுத்துப் பஞ்சாங்கம் பார்த்தேன். அப்பா இறந்த தேதிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. சதயம். நஞ்சம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பனுக்குப் பொறந்ததுதான்" என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் போனாள். "எந்த எடம்?"

நஞ்சம்மா வாசலில் இருந்தபடியே ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினார். அம்மா அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையால் தரையைத் தொட்டாள். பிறகு, "வழியில போகல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "ஒத்தையா போகல."

"அம்மா, போலாமா வேணாமா? அவங்களும் நாமும் ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிச்சுக்கலாம்னு வக்கீல் சொன்னாரு."

"நீங்க போறதுன்னா நான் எழுதிக் குடுத்துடறேன்" என்றார் நஞ்சம்மா. "தெரிஞ்சுபோச்சு. இனிமே உங்களப் பிடிச்சு வெக்க மாட்டேன். பூட்டிட்டு, வர்றது வரட்டும்னு இருக்கேன்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "அவரு எடுத்துக் குடுத்த வீடு இது. ஒரு தடவையாவது முடியற வரைக்கும் இருந்து பாக்கலாம்."

பழுதைச் சரி பண்ணச் சொல்லும் கடிதத்தை, பழுது என்ன என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, முன்பே எழுதிப் பையில் வைத்திருந்தேன். இப்போது அதில் நிரப்ப ஓர் உண்மையான பழுது இருந்தது. படம் இருக்கிறது. இன்று கொடுத்து, அவர் சரி செய்ய மறுத்தால், முனிவேல் சொன்னது போல யாரும் எங்களைக் கேட்க முடியாது. நான் கட்டரை எடுத்தேன். பால் பாக்கெட் கவரைக் கிழித்து எறிந்தேன். முறுக்கைப் பிரித்து, ஒயரைச் சீவி, கனெக்டர் வைத்து இறுக்கினேன். ஜன்னல் கம்பியிலிருந்து தள்ளி கிளிப் அடித்தேன். எர்த் கம்பி ஒன்றையும் சேர்த்தேன். மெக்கரை வைத்துப் பார்த்தேன். பிறகுதான் பல்பை மாட்டிப் பிளக்கைச் செருகினேன்.

பல்பு எரிந்ததும் நஞ்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிதறிய கீரையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

மதியம் பிரகாஷ் பைக்கில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே எங்கள் ஜன்னலைப் பார்த்தான்.

"என்ன ஆன்ட்டி, உச்சி வெயில்ல லைட்டு எரியுது? போன வாரமும் பாத்தேன். எங்கம்மா மீட்டர்ல வேற."

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதற்காக என்னை முழந்தாளிட வைத்தவள். திரும்பாமலே சொன்னாள்.

"திருட்டு பயம் தம்பி."

"பகல்லயா?"

"பகல்லதான் இப்பெல்லாம் திருடறாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு முடியவில்லை. ஜன்னலையும் அதற்குக் கீழே தரையையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் பக்கம் வந்தான். நான் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பெனிஷா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காத. அங்கிள் ஆஸ்பத்திரியிலதானே போனாரு?"

மாடிக் கைப்பிடிச் சுவரில் நஞ்சம்மாவின் கை தெரிந்தது. அம்மாவின் கையில் பிழிந்த துணி அப்படியே நின்றது.

"டாக்டர் பாத்துட்டுத்தான் சொன்னாரு" என்றேன்.

அது உண்மை. அளவு சரி. அவன் தலையாட்டினான். படியேறும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். அவன் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து, எங்களை அனுப்பக் கூடாது என்ற வரியை மறுபடி படித்தேன். எந்தக் காரணத்துக்கும். பிறகு அதை அப்பாவின் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.